நூலகத்தில் ஒரு பட்டறை: பழுதுபார்ப்பது யார் வேலை?

நூலகம் எதற்காக என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. கல்விக்காக, பொழுதுபோக்குக்காக, தொழிலாளர் முன்னேற்றத்துக்காக, இணையம் இல்லாதவர்களுக்காக. கடந்த பதினைந்து ஆண்டுகளாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. வரிப்பணத்தில் நடக்கும் பொது நூலகம், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் தையல் இயந்திரம், சால்டரிங் அயர்ன், 3டி பிரின்டர் எல்லாம் வைத்து, மக்கள் தங்கள் பொருட்களைச் செய்துகொள்ளவும் சரிசெய்துகொள்ளவும் இடம் தரலாமா? தந்தால் குப்பை உண்மையிலேயே குறையுமா?

இரண்டாவது கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். 2030-இல் மொத்தக் கழிவு 8.2 கோடி டன்னைத் தொடும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு. இந்த எண்களைக் காட்டித்தான் பல நூலகங்கள் தங்கள் ‘மேக்கர்ஸ்பேஸ்’ எனப்படும் செய்கூடங்களைச் சுற்றுச்சூழல் பணியாக முன்வைக்கின்றன. அந்த உரிமைகோரல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை, வெவ்வேறு தரப்புகளின் வாதங்களோடு இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

புத்தகத்துக்கு வெளியே நூலகம்

நூலகத்துக்குள் பட்டறை வருவது புதுமை என்ற பேச்சு பாதிதான் உண்மை. 1820-களில் எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டன் நகரங்களில் தோன்றிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டுகள் தொழிலாளர்களுக்கு நூலகத்தையும் தொழில்நுட்ப வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் தந்தன. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி கட்டிய முதல் நூலகம் 1889-இல் பென்சில்வேனியாவின் பிராடக்கில் திறக்கப்பட்டபோது, எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்காக அதன் அடித்தளத்தில் குளியலறைகள் இருந்தன. மிச்சிகனின் கிராஸ் பாயின்ட் நூலகம் 1943-லேயே சுத்தியலும் ரம்பமும் இரவல் தந்தது.

இன்றைய அலை 2011-இல் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஃபயட்வில் நூலகம் அந்த ஆண்டு செய்கூடம் ஒன்றை அமைத்தது. 2013-இல் சிகாகோவும் ஜெர்மனியின் கொலோனும் பின்தொடர்ந்தன. 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ஹெல்சின்கியின் ஓடி நூலகத்தில் ஒரு தளத்தின் பெரும்பகுதி தையல், லேசர் வெட்டு, அச்சு, இசைப்பதிவு ஆகியவற்றுக்கே போய்விட்டது. இதற்கான கொள்கை விளக்கத்தை டேவிட் லாங்க்ஸ் போன்ற நூலகவியலாளர்கள் அதே காலத்தில் தந்தார்கள். நூலகத்தின் பணி சேகரிப்பது மட்டுமன்று, சமூகம் அறிவை உருவாக்கத் துணைநிற்பதும்தான் என்பது அவர்கள் நிலைப்பாடு.

எதிர்த்தரப்பையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. புத்தகம் வாங்கும் நிதியும் ஊழியர் எண்ணிக்கையும் திறந்திருக்கும் நேரமும் சுருங்கும் காலத்தில், சிலர் மட்டும் பயன்படுத்தும் இயந்திரத்துக்குப் பணம் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். இங்கே நம்மவர் ஒருவரின் பெயர் இரு பக்கமும் இழுபடுகிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில், நூலகத்தை வளரும் உயிராகக் காணும் ஐந்தாவது விதி செய்கூட ஆதரவாளர்களுக்குப் பிடித்தமானது. நூலின் பயன்பாட்டை முன்னிறுத்தும் முதல் விதி மறுதரப்புக்குக் கைகொடுக்கிறது. ரங்கநாதனைச் சாட்சிக்கு அழைத்து இந்த வழக்கை முடித்துவிட முடியாது.

செய்வதால் கூடும் குப்பை

முதல் தலைமுறைச் செய்கூடங்களின் பரம்பரையில் பழுதுபார்ப்பு முக்கிய இடத்தில் இல்லை. அமெரிக்காவில் 2005-இல் வெளிவரத் தொடங்கிய ‘மேக்’ இதழ், எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிய ஃபேப் லேப் எனப்படும் தயாரிப்புக்கூடம் ஆகிய இரண்டிலிருந்தும் பிறந்தவை அவை. எம்.ஐ.டி.க்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப்களில் ஒன்று, 2002-இல் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில், எஸ்.எஸ். கல்பாக் நிறுவிய விக்யான் ஆசிரமத்தில் வந்தது. அங்கே கவனம் விவசாயம், பால், டீசல் எஞ்சின் போன்ற கிராமத்துச் சிக்கல்களின் மீது இருந்தது. பணக்கார நாடுகளின் நூலகங்களுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கவனம் கரைந்து, ‘புதுமை’, ‘தொழில்முனைவு’ என்ற சொற்களே மிஞ்சின.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். நூலக 3டி பிரின்டர்களில் வெளிவருவதில் பெரும்பங்கு சாவிக்கொத்தும் பொம்மையும் பாதியில் சரிந்த அச்சும் என்று விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இந்தப் பிரின்டர்களில் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சோளம் போன்ற பயிர்களிலிருந்து வருவதால் ‘மக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படுகிறது. அது மக்குவதற்கு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நீடிக்கும் தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும். வீட்டு எருக்குழியில் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். 2013-இல் இல்லினாய் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், மேசைமேல் வைக்கும் 3டி பிரின்டர்கள் அதிநுண் துகள்களைக் கணிசமாக வெளியிடுவதை அளந்து காட்டினார்கள். காற்றோட்டம் குறைந்த வாசிப்பறைக்கு இது சிறிய செய்தியன்று. உடைந்த குக்கர் கைப்பிடிக்கோ வாஷிங் மெஷின் குமிழுக்கோ மாற்று அச்சிடும்போது அதே கருவி நியாயமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை அச்சுகள் அந்த வகையைச் சேர்ந்தவை என்பதே கேள்வி.

இன்னொரு விமர்சனம் கருத்துநிலை சார்ந்தது. பொறியியல் பேராசிரியர் டெபி சாச்ரா 2015-இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரை, புதிதாகச் செய்வதைக் கொண்டாடும் பண்பாடு பராமரிப்பையும் கற்பித்தலையும் கவனிப்பையும் இரண்டாம்பட்சமாக்குகிறது என்று வாதிட்டது. அந்த வேலைகளைப் பெரும்பாலும் பெண்கள் செய்துவந்திருப்பதையும் அது நினைவூட்டியது. டெக்ஷாப் என்ற வணிகப் பட்டறைத் தொடர் 2017-இல் மூடப்பட்டது. ‘மேக்’ இதழை நடத்திய நிறுவனம் 2019-இல் ஊழியர்களை அனுப்பிவிட்டுச் செயல்பாட்டை நிறுத்தியது. ‘செய்’ என்ற கோஷத்தின் வேகம் அதற்குள் தணிந்திருந்தது.

இந்தியாவில் நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம், பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை என, பத்தாயிரம் பள்ளிகளை எட்டியது. அதன் அழுத்தமும் புதுக்கண்டுபிடிப்பின் மேல்தான். பள்ளியில் பழுதான ஃபேனைக் கழற்றிப் பார்ப்பது அதன் மையப் பாடமாகவில்லை.

பழுதுக்குத் திரும்புதல்

வேறொரு கிளை ஆம்ஸ்டர்டாமில் முளைத்தது. பத்திரிகையாளர் மார்ட்டின் போஸ்ட்மா 2009 அக்டோபரில் நடத்திய முதல் ‘ரிப்பேர் கஃபே’யின் விதி எளிமையானது. பொருளின் சொந்தக்காரர் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. தன்னார்வலரின் பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே வேலை செய்ய வேண்டும். இன்று உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட ரிப்பேர் கஃபேக்கள் இருக்கின்றன. லண்டனில் 2012-இல் தொடங்கிய ரீஸ்டார்ட் புராஜெக்ட் மின்னணுப் பொருட்களில் கவனம் வைத்தது. டொரன்டோவில் 2013 முதல் இயங்கும் ரிப்பேர் கஃபே, தன் நிகழ்ச்சிகளைப் பொது நூலகக் கிளைகளிலும் நடத்துகிறது. சிங்கப்பூரில் 2014-இல் வந்த ரிப்பேர் கோப்பித்தியாம் குடியிருப்புப் பேட்டைகளை நோக்கிப் போனது.

நூலகத்தோடு இந்த இயக்கம் இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. கூட்டம் சேர அனுமதி கேட்க வேண்டாத, காசு கேட்காத இடம் நகரத்தில் அநேகமாக நூலகம் ஒன்றுதான். இரவல் தரும் நடைமுறையும் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் தருகிறது. 1991-இல் காட்டுத்தீயில் வீடுகளை இழந்த பக்கத்து ஊரான ஓக்லண்டிலும் பின்னர் அத்தகைய சேவை உருவானது. டிரில்லிங் மெஷின் போன்ற ஒரு கருவி பெரும்பாலான வீடுகளில் ஆண்டில் சில நிமிடங்கள்தான் ஓடும். அதைப் பத்து வீடுகள் பகிர்ந்தால் கிடைக்கும் சேமிப்புக்கு ஆய்வுகூட அதிகம் தேவையில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் நிலைத்தன்மையைத் தன் அடிப்படை விழுமியங்களில் ஒன்றாகச் சேர்த்தது இந்தப் போக்குக்கு முறையான அங்கீகாரம் தந்தது.

எதை அளப்பது?

ஆதரவாளர்கள் வழக்கமாகக் காட்டும் கணக்கு எடைக் கணக்கு: இத்தனை பொருள் சரியானது, இத்தனை கிலோ குப்பைக்குப் போகவில்லை, இத்தனை கிலோ கார்பன் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் மூன்று இடங்களில் இடறுகிறது.

முதலாவது, கொண்டுவரும் எல்லாம் சரியாவதில்லை. வெற்றி விகிதம் பொருளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறினாலும், பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை என்பதே பரவலாகத் தெரிவிக்கப்படும் அளவு. துணியும் சைக்கிளும் எளிதில் மீள்கின்றன. பிரின்டரும் போனும் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. சரியானது எத்தனை மாதம் ஓடியது என்பதைப் பின்தொடர்ந்து கேட்டவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது, பொருளுக்குப் பொருள் கணக்கு வேறு. ஸ்மார்ட்போன் அல்லது லேப்டாப்பின் கார்பன் சுமையில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வெளிவருமுன்பே செலவாகிவிடுகிறது. அதன் ஆயுளை இரண்டு ஆண்டு நீட்டித்தால் லாபம் தெளிவு. ஃப்ரிட்ஜும் ஏசியும் நேர்மாறு. அவற்றின் சுமை வாழ்நாள் முழுக்க இழுக்கும் மின்சாரத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுப் பழைய ஃப்ரிட்ஜுக்கு உயிர்கொடுப்பது, நல்ல ஸ்டார் மதிப்பீடு கொண்ட புதியதை வாங்குவதைவிடச் சூழலுக்குக் கேடாகவும் முடியலாம். ‘எதையும் எறியாதே’ என்ற பொது அறிவுரை இங்கே உதவாது.

மூன்றாவதுதான் கடினமானது. பழுதுபார்த்த பொருள் புதுப் பொருள் வாங்குவதை உண்மையிலேயே தடுத்ததா? ட்ரெவர் சிங்க், ரோலண்ட் கெயர் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சுழற்சிப் பொருளாதார முயற்சிகளால் புதிய உற்பத்தி அதே அளவு குறையும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தது. பழைய மிக்ஸி சரியானபின் அது ஊரிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகலாம்; இங்கே புது மிக்ஸி வந்தே தீரலாம். மிச்சமான காசு வேறு எதற்கோ செலவாகலாம். நிலக்கரியைத் திறமையாக எரித்தால் நிலக்கரிச் செலவு கூடும் என்று 1865-இல் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் கண்ட முரணின் உறவுக்கார முரண் இது. அதனால் பயனே இல்லை என்று ஆகிவிடாது. கிலோவில் சொல்லப்படும் பயன் உச்சவரம்பு மதிப்பீடு என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இந்த இடறல்களைப் பார்த்தபின் இக்கட்டுரையாளருக்குத் தோன்றுவது: நூலகப் பழுதுபார்ப்பின் கனமான விளைபொருள் சரியான மிக்ஸியைவிட, மிக்ஸி ஏன் கெட்டது என்ற பதிவுதான். ரீஸ்டார்ட் புராஜெக்ட் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்த ‘ஓப்பன் ரிப்பேர் அலையன்ஸ்’ இதைப் புரிந்துகொண்டு, பொருள், வயது, கோளாறு, முடிவு ஆகியவற்றை ஒரே வடிவத்தில் பதிந்து பொதுவில் வைக்கிறது. உதிரிபாகம் கிடைக்கவில்லை, உடைக்காமல் திறக்க வழியில்லை என்று அதில் திரும்பத் திரும்ப வரும் குறிப்புகள் ஐரோப்பியச் சட்ட விவாதங்களில் சான்றாக வைக்கப்பட்டன. வகைப்படுத்துவது, பாதுகாப்பது, கேட்டவருக்குத் தேடித் தருவது: இந்த மூன்றும் நூலகரின் பழைய வேலை. 3டி பிரின்டரை யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்கலாம்.

திறக்க முடியாத பெட்டி

இன்னொரு தரப்பு முழு விவாதத்தையுமே சந்தேகிக்கிறது. பசை போட்டு ஒட்டிய பேட்டரி, மாற்று உதிரிபாகத்தை ஏற்க மறுக்கும் மென்பொருள், வெளியே தராத சர்வீஸ் கையேடு. இவை நிறுவனங்களின் முடிவுகள். 1920-களின் நடுவில் பல்ப் நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பின் வழியே விளக்கின் ஆயுளை ஏறத்தாழ 1,000 மணி நேரத்துக்குக் கட்டுப்படுத்தின. 1932-இல் பெர்னார்ட் லண்டன் என்பவர் பொருட்களுக்குக் காலக்கெடு வைத்துப் பொருளாதார மந்தத்தைத் தீர்க்கலாம் என்று துண்டுப்பிரசுரமே போட்டார். இந்தப் பின்னணியில், குடிமகனிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பொறுப்பையும் அவன் தலையில் ஏற்றுவது திசைதிருப்பல் என்பது இவர்கள் குற்றச்சாட்டு.

சட்டங்கள் நகரத்தான் செய்கின்றன. பிரான்ஸ் 2021 முதல் சில பொருட்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் அச்சிடச் செய்தது. நியூயார்க் 2022 இறுதியில் மின்னணுப் பொருட்களுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த நெறிமுறை, வாரன்டி முடிந்த பிறகும் குறிப்பிட்ட பொருட்களைப் பழுதுபார்த்துத் தரும் கடமையை உற்பத்தியாளர்மேல் வைக்கிறது. உறுப்பு நாடுகள் அதை உள்நாட்டுச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூலை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது; அந்த ஆண்டின் இறுதியில் இணையதளம் ஒன்றும் திறக்கப்பட்டது. தனிச் சட்டமாக அது வளரவில்லை.

திசைதிருப்பல் என்ற குற்றச்சாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன கோளாறுப் பதிவுகள் இல்லாமல் சட்டம் கேட்பவர்கள் கையில் வெறும் புகார்தான் இருந்திருக்கும். தன் வாஷிங் மெஷினை ஒருமுறை திறந்து பார்த்தவர்தான் பேரிங்கைத் தனியே மாற்ற முடியாமல் டிரம்மோடு சேர்த்துச் செய்திருப்பதைக் கண்டு கோபப்படுவார். பட்டறையும் சட்டமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று வைத்து வாதிடுவது எந்தத் தரப்புக்கும் வலு சேர்க்கவில்லை.

ரிச்சி தெரு இருக்கும் ஊரில்

இதுவரை சொன்ன வாதங்கள் பெரும்பாலும், பழுதுபார்ப்பவரே அருகிவிட்ட நாடுகளில் பிறந்தவை. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி புதிய டோஸ்டரின் விலையைத் தாண்டுகிறது. சுவீடன் 2017-இல் பழுதுபார்ப்புக்கான வரியைக் குறைத்ததும், ஆஸ்திரியா 2022 முதல் செலவில் பாதியை, 200 யூரோ வரை, மானியமாகத் தந்ததும் அந்த இடைவெளியை அடைக்கத்தான். இலவசத் தன்னார்வலர் அங்கே யாருடைய பிழைப்பையும் பெரிதாகக் கெடுப்பதில்லை.

தமிழ்நாட்டின் நிலை வேறு. மிக்ஸி கப்ளர் தேய்ந்தால், கார்பன் பிரஷ் தீர்ந்தால், ஃபேன் கண்டென்சர் போனால், தெருமுனையிலேயே ஆள் இருக்கிறார். மோட்டார் காயில் கட்டுபவர், குக்கர் கேஸ்கட் விற்பவர், செருப்புத் தைப்பவர், குடை சரிசெய்பவர் எல்லோரும் அன்றாடக் கூலிக்கு இதைச் செய்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்கும் புதுப்பேட்டையின் வாகன உதிரிபாகக் கடைகளுக்கும் நூலகம் சொல்லித்தர அதிகம் இல்லை; கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆய்வாளர் ஸ்டீவன் ஜாக்சன் 2014-இல் எழுதிய கட்டுரை, தொழில்நுட்பத்தைப் புதுமையின் பக்கமிருந்து பார்க்காமல் தேய்மானத்தின் பக்கமிருந்து பார்க்கச் சொன்னது. அவரும் சகாக்களும் டாக்காவின் செல்போன் பழுதுபார்ப்பவர்களிடையே செய்த ஆய்வு, அந்தக் கடைகள் பயிற்சிக்கூடமும் தகவல் வலையுமாக இயங்குவதைக் காட்டியது. அது நமக்கும் அந்நியமான காட்சியன்று.

எனவே ஐரோப்பிய மாதிரியை அப்படியே இறக்கினால் இரண்டு ஆபத்து உண்டு. இலவச மேசை தெருமுனைக் கடையின் வாடிக்கையாளரைப் பறிக்கலாம். அதைவிட நுட்பமானது மரியாதைப் பிரச்சினை: சாதியோடும் கல்வித் தகுதியோடும் பின்னி, இழிவாகப் பார்க்கப்பட்ட கைவேலை, நூலகத்துக்குள் ஆங்கிலப் பெயரோடு வரும்போது மட்டும் ‘கிரியேட்டிவ்’ ஆகிவிடுகிறது, அதைத் தலைமுறையாகச் செய்தவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

மறுபுறம் தெருமுனையை அளவுக்கு மீறிப் போற்றவும் கூடாது. ஈயப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்கள், பாதுகாப்பில்லாமல் லித்தியம் பேட்டரியைப் பிரிப்பவர்கள், போலி உதிரிபாகம், எழுதி வைக்கப்படாததால் ஆளோடு போய்விடும் அறிவு, இவையும் அந்த உலகின் பகுதிகள். 2011-க்குப் பின் தமிழ்நாட்டு அரசு லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியது. ஒரே மாதிரியான பொருட்கள் இத்தனை வீடுகளில். ஒரு மாடலின் வழக்கமான கோளாறையும் தீர்வையும் ஒருமுறை தமிழில், படத்தோடு எழுதி எல்லாக் கிளை நூலகங்களிலும் வைத்தால் பலனடைபவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்னும் முடிவாகாதவை

பாதுகாப்பும் பொறுப்பும் முதலில் வருகின்றன. 230 வோல்ட் மின்சாரமும் வீங்கிய பேட்டரியும் வாசிப்பறைக்குள் வந்தால் விபத்துக்கு யார் பதில் சொல்வது? ஐரோப்பாவில் ‘உத்தரவாதம் இல்லை’ என்று எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. இங்கே அரசு ஊழியர் ஒருவர் அந்தக் காகிதத்தை நம்பி நிற்பாரா என்பது ஐயத்துக்குரியது. யார் வருகிறார்கள் என்பதும் அடுத்த கேள்வி. தையல் மேசையில் பெண்களும் மின்சாதன மேசையில் ஆண்களும் உட்காரும் பழைய பிரிவினை பல இடங்களில் அப்படியே தொடர்வதாகத் தெரிகிறது.

குப்பை குறைப்பைப் பொறுத்தவரை இப்போதுள்ள சான்றுகள் நம்பிக்கை தருகின்றன, நிரூபிக்கவில்லை. கருவி இரவலுக்கு ஆதரவான வாதம் வலுவானது. போன், லேப்டாப் ஆயுள் நீட்டிப்புக்கும் அப்படியே. 3டி பிரின்டரை மையமாக வைத்த செய்கூடம் சூழலுக்கு நல்லது என்ற வாதம் பலவீனமானது. நூலகம் பழுதுபார்ப்பவரின் போட்டியாளராகாமல், அவருக்குக் கூலி கொடுத்து வகுப்பெடுக்க அழைக்கும் இடமாகவும் அவர் அறிவைப் பதியும் இடமாகவும் ஆக முடியுமா என்பதைப் பெரிய அளவில் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

சோதிக்க ஏற்ற இடம் இங்கேயே இருக்கிறது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம். சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி இன்றும் அதன்படி நடக்கிறது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் மாநிலமெங்கும் உள்ளன. இவற்றில் ஒரு கிளை நூலகம் முயன்று பார்க்க விரும்பினால், முதலில் வாங்க வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட், ஒரு தடித்த பதிவேடு. அந்தத் தெருவின் மிக்ஸி மெக்கானிக்குக்கு மாதம் ஒரு ஞாயிறு மதிப்பூதியம் கொடுத்து அழைக்கட்டும். சரியான ஒவ்வொரு பொருளின் சொந்தக்காரரையும் ஆறு மாதம் கழித்து, அது இன்னும் ஓடுகிறதா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதட்டும்.